சர்வருக்குக் காத்திருந்த காலம்

2009-இல் எங்கள் நிறுவனத்தில் புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எந்த புராஜெக்ட், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எவ்வளவு மெமரி, எவ்வளவு டிஸ்க், இருக்கிற சர்வர் ஏன் போதவில்லை என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். மேனேஜர் கையெழுத்துப் போட்டு, அவருக்கு மேலே இருப்பவரும் போட்டபின் மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்குவார்கள். நிதித் துறை விலையைக் குறைக்கச் சொல்லும். பேரம் படிந்து பர்ச்சேஸ் ஆர்டர் போய், பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, கஸ்டம்ஸைத் தாண்டி வர இன்னும் சில வாரங்கள். பிறகு அம்பத்தூர் பக்கம் நாங்கள் ரேக் வாடகைக்கு எடுத்திருந்த டேட்டா சென்டருக்கு அது போகும். கேட் பாஸில் எழுதிய சீரியல் நம்பருக்கும் பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பருக்கும் ஓர் எழுத்து மாறினாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும், அந்த இடத்தின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

நான் அப்போது சிஸ்டம் அட்மின். சர்வரை ரேக்கில் ஏற்றி, அதன் இரண்டு பவர் கேபிள்களையும் தனித்தனி மின்தடங்களில் செருகி, டிஸ்க்குகளை ரெய்டு முறையில் அமைத்து, லினக்ஸ் நிறுவி, ஐ.பி. முகவரி வாங்கி, ஃபயர்வாலில் வழி திறக்கச் சொல்லி நெட்வொர்க் குழுவுக்குத் தனி டிக்கெட் போட்டு முடிக்கும்போது, படிவம் எழுதிய நாளிலிருந்து இரண்டு மாதம் ஓடியிருக்கும். மூன்று மாதம் ஆனதும் உண்டு.

யாரும் சோம்பேறியாக இருந்ததால் வந்த தாமதம் இல்லை இது. பல லட்ச ரூபாய்ப் பொருளை வாங்கும்போது ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? "அக்கா, டெஸ்ட் சர்வர் எப்ப வரும்?" என்று என் மேஜைக்கு வந்து நிற்கும் பையனுக்கு என்னால் ஒரு தேதி சொல்ல முடிந்ததில்லை.

இப்படிக் காத்திருந்து பழகியவர்கள் வேறொன்றையும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை கேட்கும்போது தேவையைவிட இரண்டு மடங்கு கேட்டார்கள். மறுபடியும் அந்தப் படிவத்தோடு அலைய யாருக்கும் மனம் வரவில்லை. வந்த சர்வரைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். புராஜெக்ட் முடிந்துபோயிருந்தாலும் "இருக்கட்டும், அடுத்ததுக்கு ஆகும்" என்பார்கள். எங்கள் ரேக்கில் இருந்த பாதிப் பெட்டிகளின் சி.பி.யு. வரைபடத்தைப் பார்த்தால் பத்து சதவீதத்துக்கு மேல் எழும்பாமல் தரையோடு தரையாக ஒரு கோடு போகும். ஒரு பக்கம் ஓடாத சர்வர்களுக்கு மின்சாரமும் குளிர்சாதனமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பக்கம் சர்வர் இல்லாமல் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே மாடியில் நடந்தன.

நிறுவனங்கள் கிளவுடுக்கு ஏன் போகின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மாடிதான். விளக்கக் கூட்டங்களில் முதல் ஸ்லைடு செலவுக் குறைப்பு பற்றித்தான் இருக்கும். பல நிறுவனங்களை இந்த மாற்றத்தின் ஊடாக அழைத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன்: செலவு குறைந்த இடங்களும் உண்டு, கூடிய இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடந்தது, காத்திருப்பு ஒழிந்தது. மற்ற பலன்கள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையை 2006 மார்ச்சில் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஈ.சி.2 என்ற பெயரில் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. சிறிய சர்வருக்கு மணிக்குப் பத்து சென்ட். எங்கள் அலுவலகத்துக்குள் அது மேலிடத்து முடிவாக வரவில்லை. ஒரு டீம் லீடர் டெஸ்ட் சர்வருக்குக் காத்திருந்து பொறுமையிழந்து, தன் சொந்த கிரெடிட் கார்டில் ஒரு சர்வரை எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அது ஓட ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் அணைத்தார். மாதக் கடைசியில் வந்த பில் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுகூட இல்லை. அதை ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போட்டபோதுதான் நிதித் துறைக்கு விஷயம் தெரிந்தது.

அவர்கள் கோபப்படவில்லை, குழம்பினார்கள். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் சொத்து. வாங்கி, சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, வருடாவருடம் தேய்மானம் கழிக்க வேண்டிய பொருள். இதுவோ மின்கட்டணம் மாதிரி, பயன்படுத்திய அளவுக்கு வருகிற செலவு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முடிவெடுக்கவே அவர்களுக்குச் சில நாள் ஆயிற்று. முடிவெடுத்தபின் எங்களைவிட அவர்களுக்குத்தான் இது பிடித்துப்போனது. மூன்று வருடம் கழித்து எவ்வளவு தேவைப்படும் என்று இன்றைக்கே ஊகித்து, அந்த ஊகத்துக்கு இன்றைக்கே பணம் கட்டும் நிர்ப்பந்தம் போய்விட்டது அல்லவா? புதிதாக ஒரு முயற்சி தோற்றால் சர்வரை அணைத்துவிடலாம். தோற்ற முயற்சிக்காக வாங்கிய பெட்டி ரேக்கில் உட்கார்ந்து தேய்மானம் காட்டிக்கொண்டிருக்காது.

சர்வர் கிடைப்பது ஒரு பாதிதான். எழுதிய புரோகிராமை அதில் ஏற்றி மக்கள் பயன்பாட்டுக்கு விடுவது மறுபாதி. டெப்ளாய்மென்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்த வேலை அன்றைக்கு எப்படி இருந்தது என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆரம்பிப்போம். கையில் ஒரு எக்ஸெல் தாள். வரிசை எண், செய்ய வேண்டியது, செய்பவர், நேரம், முடிந்ததற்கு ஒரு டிக். கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால், செயலியை ஓட்டும் இரண்டு டாம்கேட் சர்வர்கள். முதல் சர்வரை வரிசையிலிருந்து வெளியே எடுப்போம். டாம்கேட்டை நிறுத்துவோம். பழைய பேக்கேஜை வேறு பெயரில் எடுத்துவைத்துவிட்டுப் புதியதைக் காப்பி செய்வோம். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, டெஸ்ட் டேட்டாபேஸின் முகவரி இருக்கும் இடத்தில் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸின் முகவரியைக் கையால் மாற்றுவோம். இருவர் பார்த்து உறுதி செய்தபின் மறுபடி ஓடவிட்டு, லாக் ஃபைல் திரையில் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்போம். டெஸ்டிங் குழு சரி என்றால் இரண்டாவது சர்வர். நடுவில் டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் ஓடும். அது ஓடிவிட்டால் பின்வாங்குவது கடினம். பழைய நிலைக்குத் திரும்ப பேக்கப்பை மீட்டெடுக்க வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். எல்லாம் முடிந்து கம்பெனி கேப் வரும்போது மணி மூன்றோ நான்கோ இருக்கும். இரவில் பெண்களை வீட்டில் விட வண்டியில் ஒரு செக்யூரிட்டி கூட வருவார். ஓ.எம்.ஆர். சாலை வெறிச்சோடிக் கிடக்கும். போனில் ஏதாவது அலர்ட் வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே போவேன்.

இவ்வளவு கஷ்டமானதை யார் அடிக்கடி செய்வார்கள்? மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்று வைத்துக்கொண்டோம். மூன்று மாத வேலை ஒரே இரவில் இறங்குவதால் ஒவ்வொரு ரிலீஸும் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால் எதில் பிழை என்று கண்டுபிடிப்பது சிரமமானது. சிரமம் கூடக் கூட, அடுத்த ரிலீஸை இன்னும் தள்ளிப்போட்டார்கள். வாடிக்கையாளர் கேட்ட ஒரு சின்னத் திருத்தம், எழுதி முடித்து, டெஸ்ட்டும் முடிந்து, வாரக்கணக்கில் அடுத்த ரிலீஸ் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக் கிடக்கும். எழுதியவனுக்கு அது எவ்வளவு மனச்சோர்வு தரும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2012-இல் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஹீரோக்குவில் ஒரு பைதான் செயலியை ஏற்றிக் காட்டினாள். ஹீரோக்கு 2007-இல் தொடங்கிய சிறு நிறுவனம். 2010 கடைசியில் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கிவிட்டது. அவள் தன் லேப்டாப்பில் கிட் புஷ் கட்டளை ஒன்றைத் தட்டினாள். திரையில் வரிகள் ஓடின. இது பைதான் செயலி என்று அந்தப் பக்கம் தானாகக் கண்டுகொண்டது. தேவையான லைப்ரரிகளின் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாக இறக்கியது. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது. ஒரு சிறு சர்வரில் அதை ஓடவிட்டு, வருகிற கோரிக்கைகளைப் புதியதன் பக்கம் திருப்பியது. கடைசி வரியில் ஒரு முகவரி. அதைத் திறந்தால் செயலி ஓடிக்கொண்டிருந்தது. "பழசுக்குப் போகணும்னா?" என்று கேட்டேன். இன்னொரு கட்டளை தட்டினாள். முந்தைய வெர்ஷன் வந்து நின்றது. எங்கள் எக்ஸெல் தாளின் பெரும்பகுதி என் கண் முன்னால் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்தது.

மாயம் எதுவும் இல்லை. மாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. நாங்கள் இரவெல்லாம் செய்தவற்றில் எவை எல்லாச் செயலிக்கும் பொதுவானவை என்று உட்கார்ந்து யோசித்து, அவற்றைப் பிரித்தெடுத்து, ஹீரோக்குக்காரர்கள் ஒரு முறை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார்கள். கான்ஃபிக் தகவலைக் கோடோடு சேர்க்காதே, சூழல் மாறிகளாக வெளியே வை. லாக்கை ஃபைலில் எழுதாதே, ஓடையாக வெளியே விடு. எந்த நிமிடமும் செயலியைக் கொன்று மறுபடி எழுப்பலாம் என்ற நினைப்போடு எழுது என்று 2011-இல் அவர்கள் பன்னிரண்டு விதிகளாக எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கும் புதிதாகச் சேர்பவர்களை முதலில் அதைத்தான் படிக்கச் சொல்கிறேன். கூகுளின் ஆப் எஞ்சின் 2008-லேயே இதே திசையில் போயிருந்தது. பிறகு 2013-இல் டாக்கர் வந்தது. செயலியையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னரில் அடைத்து எங்கே வேண்டுமானாலும் ஓடவிடலாம் என்றானது. "என் மெஷின்ல ஓடுதே" என்ற வாக்கியம் எங்கள் மாடியில் அநேகமாக ஒழிந்தது. அப்படிப்பட்ட கன்டெய்னர்கள் பலவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை அடுத்த ஆண்டு கூகுள் வெளியிட்டது.

சர்வருக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதும் ரிலீஸ் எளிதானதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இப்போது நாங்கள் ரிலீஸ் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஓடுகிற சர்வர்களைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் அதே எண்ணிக்கையில் புதிய சர்வர்களை எழுப்பி, புதிய வெர்ஷனை அதில் ஏற்றி, முதலில் கொஞ்சம் பேரை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புவோம். பிழை இல்லையென்றால் எல்லோரையும் அனுப்புவோம். பழைய சர்வர்கள் ஒரு மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், ஏதாவது ஆனால் திரும்பிப் போக. பிறகு அழித்துவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இன்னொரு செட் சர்வர் வேண்டும் என்று 2009-இல் நான் படிவம் எழுதியிருந்தால் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்களா? பகல் பதினோரு மணிக்கு, எல்லோரும் விழித்திருக்கும்போது, ஒரே நாளில் பல முறை ரிலீஸ் செய்ய முடிவது அதனால்தான். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு, அதிலும் குழந்தை பெற்றபின் வேலைக்குத் திரும்பியவர்களுக்கு, அந்த நள்ளிரவு வெள்ளிக்கிழமைகள் போனது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த ஸ்லைடும் சொல்லவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும்.

சர்வர்களின் லோடு ஏறி இறங்கும் தொழில்களுக்குக் கிளவுடுக்குப் போக இன்னொரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். முடிவு வரும் காலையில் மாணவர், அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் ஒரே சில நிமிடங்களில் நம்பரைத் தட்டிப் பார்ப்பார்கள். மதிப்பெண்களைக் காட்டும் ஒரு தனியார் கல்வித் தளம் எங்கள் வாடிக்கையாளர். அந்த ஒரு காலைக்காக அவர்கள் சர்வர்களை வாங்கி வைத்திருந்தார்கள். மீதி வருடம் முழுக்க அவை சும்மா கிடந்தன. வீட்டில் ஒரு கல்யாணம் என்பதற்காக ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாக்களை விலைக்கு வாங்கி வைப்பார்களா? வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பதுதானே வழக்கம். 2013-இல் அந்தத் தளத்தைச் சிங்கப்பூரில் இருந்த அமேசான் சர்வர்களுக்கு மாற்றினோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் நேராகப் போவதால் தாமதம் பெரிதாகத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் சர்வர்களைப் பெருக்குவோம், மறுநாள் மதியத்துக்கு மேல் குறைத்துவிடுவோம்.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெருக்கல் மட்டும் இல்லை. ஒத்திகையும்தான். முடிவு வருவதற்கு முந்தின வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு வேறு பல சர்வர்களை வாடகைக்கு எடுத்து, லட்சக்கணக்கான மாணவர்கள் மாதிரி நடித்து எங்கள் தளத்தையே தாக்கச் சொன்னோம். எங்கே உடைகிறது என்று தெரிந்தது. டேட்டாபேஸ்தான் முதலில் மூச்சுத் திணறியது. அதனால் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண் பக்கத்தையும் முன்கூட்டியே தனி ஃபைலாகத் தயாரித்து எஸ்3-இல் வைத்துவிட்டோம். டேட்டாபேஸைக் கேட்கவே வேண்டாம் என்றாக்கினோம். சொந்த சர்வர் காலத்தில் இப்படி ஓர் ஒத்திகைக்கு வழியே இல்லை. உண்மையான கூட்டம் வரும்போதுதான் என்ன உடையும் என்று தெரியும்.

இதே விஷயம் பெரிய அளவில் நடந்ததை 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் எல்லோரும் பார்த்தோம். இந்தியா–நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். அமேசான் கிளவுடில் ஓடிய தளம் அது. தோனி ரன் அவுட் ஆனதும் நம்மில் பலருக்கு மனம் உடைந்தது. ஹாட்ஸ்டார் எஞ்சினியர்களுக்கு அந்த நொடி வேறொரு ஆபத்து. கோடிக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் வீடியோவை விட்டு வெளியேறி முகப்புப் பக்கத்துக்கு வந்தார்கள். முகப்பைத் தயாரிக்கும் சர்வர்கள் அந்த அலையைத் தாங்க வேண்டும். தானாகப் பெருகும் வசதியை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. புதிய சர்வர் எழுந்து தயாராகச் சில நிமிடம் ஆகும், கூட்டம் அதற்குள் வந்துவிடும். ஆகவே கணக்குப் போட்டு முன்னாலேயே பெருக்கி வைத்திருந்தார்கள். கிளவுட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இது.

சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் ஒரு காரணம். டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் ப்ரொடக்‌ஷன் சர்வர்கள் அம்பத்தூரில் பத்திரமாக ஓடின. நின்றுபோனது, புதிய கோடு எழுதும் வேலை. கோடு வைத்திருந்த சர்வர், பில்டு சர்வர், டெஸ்ட் சர்வர்கள் எல்லாம் அலுவலகக் கட்டடத்தின் சர்வர் ரூமில் இருந்தன. கட்டடத்துக்கு மின்சாரம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர சாலை இல்லை. அவசரம் என்று சிலரைப் பேருந்தில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவர்களுக்கு இணைவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சிறு குழு மட்டும் தன் கோடையும் பில்டையும் ஏற்கெனவே கிளவுடுக்கு மாற்றியிருந்தது. அவர்கள் மதுரையிலும் திருச்சியிலும் சொந்த ஊர் வீட்டிலிருந்து வேலை பார்த்து, சொன்ன தேதியில் கொடுத்தார்கள்.

அதுவரை கிளவுட் என்றாலே செயலியை ஓடவிடும் இடம் என்றுதான் எங்கள் நிர்வாகம் நினைத்திருந்தது. எழுதுவதற்கான பட்டறையும் அங்கே இருக்க வேண்டும் என்று அந்த வெள்ளம் புரியவைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த சர்வர் ரூம் காலியானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் ஆட்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், வேலை நடந்தது. அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தது 2015-இல்.

வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் வேலைகளுக்கு வேறொரு தடை இருந்தது. தகவல் இந்தியாவுக்கு வெளியே போகக் கூடாது என்பார்கள். 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சென்னை, புனே, மும்பையில் அஸூரைத் திறந்தது. 2016 ஜூனில் அமேசான் மும்பைக்கு வந்தது, மறு ஆண்டு கூகுளும் வந்தது. பணப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவு போட்டபோது அதற்கான இடம் இங்கே தயாராக இருந்தது.

இனி செலவு. நெட்ஃபிளிக்ஸ் கதையைப் பலரும் செலவுக் குறைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையில் 2008 ஆகஸ்டில் அவர்களின் டேட்டாபேஸ் சேதமாகி மூன்று நாள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் போனதுதான் தொடக்கம். அதன்பின் ஏழு ஆண்டு எடுத்து, 2016 ஜனவரியில்தான் மாற்றத்தை முடித்தார்கள். செலவுக் குறைப்பு முக்கியக் காரணம் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். எதிர்த் திசையில் 37சிக்னல்ஸ் நிறுவனம், 2022-இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவழித்ததைக் கணக்குப் பார்த்து, சொந்த சர்வர்களை வாங்கித் திரும்பிப்போனது. அவர்கள் சொன்னது எனக்கு நியாயமாகவே படுகிறது: லோடு வருடம் முழுக்க ஒரே சீராக இருந்து, சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தால், வாடகை கட்டிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. நம் ஊர் ஜோஹோவும் சொந்த டேட்டா சென்டர்களில்தான் தன் சேவைகளை நடத்துகிறது. அந்த அளவுக்கு வளர்ந்த, அந்த அளவுக்குத் தொழில்நுட்பம் தெரிந்த நிறுவனத்துக்கு அது சரியான வழி.

சின்ன நிறுவனங்களின் பில்லைத் திறந்து பார்க்கச் சொன்னால் நான் முதலில் தேடுவது டெவலப்மென்ட் சர்வர்களை. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, ஐந்து நாள் என்றால் 60 மணி நேரம்தான் யாராவது அவற்றைத் தொடுகிறார்கள். மீதி 108 மணி நேரத்துக்கு ஆளில்லாத சர்வருக்குக் காசு போகிறது. தானாக அணைந்து எழும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டால் அந்தச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடுத்து, சர்வரை அழித்தபின்னும் மிஞ்சியிருக்கும் டிஸ்க்குகள். அதற்கடுத்து, கிளவுடிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கான கட்டணம்; உள்ளே கொண்டுவர இலவசம், வெளியே எடுக்கக் காசு என்பதை ஒப்பந்தம் போடும்போது யாரும் கவனிப்பதில்லை. பழைய படிவம் ஒரு நல்ல காரியமும் செய்துகொண்டிருந்தது: செலவழிக்கும் முன் ஒருவர் யோசித்தார். அந்த யோசனையை வேறு இடத்தில், வேறு வடிவில் நாமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாராவாரம் பில்லைக் குழுவே உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தை நான் எல்லா இடத்திலும் வற்புறுத்துகிறேன்.

கிளவுடும் விழும். 2017 பிப்ரவரி 28-ஆம் தேதி அமேசானின் வர்ஜீனியா மையத்தில், பராமரிப்பு வேலையின்போது ஒரு கட்டளை தவறாகத் தட்டப்பட்டு, எடுக்க வேண்டியதைவிட அதிக சர்வர்கள் வெளியே போய், எஸ்3 சில மணி நேரம் முடங்கியது. அதை நம்பி இருந்த எத்தனையோ தளங்கள் கூடவே விழுந்தன. 2025 அக்டோபர் 20-ஆம் தேதி அதே வர்ஜீனியா மையத்தில் மறுபடியும் பெரிய முடக்கம். நம் செயலியை ஒரே இடத்தில் வைக்கிறோமா, இரண்டு இடத்திலா, பேக்கப்பை எங்கே வைக்கிறோம், அதை மீட்டெடுத்துப் பார்த்திருக்கிறோமா என்ற கேள்விகள் அம்பத்தூர் ரேக் காலத்தில் இருந்த மாதிரியே இருக்கின்றன. டிஸ்க் மாற்றுவதைக் கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்; பேட்ச் போடுவது, டேட்டாபேஸுக்கு தினசரி பேக்கப் எடுப்பது போன்றவற்றை, மேனேஜ்டு சேவையாக எடுத்திருந்தால் மட்டுமே பார்த்துக்கொள்ளும். யாருக்கு எந்த அனுமதி, எந்தச் சேமிப்பு வெளியே திறந்து கிடக்கிறது என்பது நம் பொறுப்பு.

இன்று வேலைக்கு வரும் பலர் ஒரு டிஸ்க்கைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. அது குறையில்லை. ஆனால் அடியில் ஒரு லினக்ஸ் ஓடுகிறது, ஒரு நெட்வொர்க் இருக்கிறது, எங்கேயோ ஒரு கட்டடத்தில் ஒரு டிஸ்க் சுற்றிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கிறது என்ற உணர்வு இல்லாமல் கிளவுடைப் பயன்படுத்துகிறவர்கள் பிழை வரும்போது தவித்துப் போகிறார்கள். என்னோடு ரேக்கில் சர்வர் ஏற்றிய நண்பர்களுக்கு வேலை போய்விடும் என்று அந்த நாளில் எல்லோரும் பயந்தார்கள். நல்ல அட்மின்கள் இன்று இந்தத் துறையில் மிகவும் தேடப்படுகிறார்கள். கற்றுக்கொள்ள நேரமும் வாய்ப்பும் கொடுக்கப்படாதவர்கள்தான் வெளியேறினார்கள். அவர்களை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மாற்றத்துக்குச் சர்வர் செலவு கணக்கிட்ட நிறுவனங்கள் பயிற்சிக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கலாம்.

இப்போது யாராவது ஆலோசனை கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது, உங்கள் ஆட்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அண்மையில் கேட்டேன். கணக்கு, சம்பளம், ஸ்டாக் எல்லாம் தொழிற்சாலைக்குள் ஒரு சர்வரில் ஓடுகின்றன. லோடு மாறுவதில்லை, யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன். டீலர்கள் ஆர்டர் போடும் செயலி வேறு கதை; கோடை விற்பனையில் திணறுகிறது, ஒரு திருத்தம் வெளியே வர ஒரு மாதம் ஆகிறது. அதைக் கிளவுடின் மும்பை மையத்துக்கு மாற்றினோம். முதல் மூன்று வாரத்தில் டீலர்கள் கேட்ட எட்டுத் திருத்தங்கள் வெளியே போயிருக்கின்றன. அடுத்து அவர்கள் கேட்டிருப்பது, தொழிற்சாலை சர்வரின் பேக்கப்பைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்று. அதற்கான செலவைக் கணக்குப் போட்டு இந்த வாரம் அனுப்ப வேண்டும்.